கிராமத்து மக்கள் நீதியை எட்டுவது பற்றிக் கலாநிதி ஆய்வு: மட்டக்களப்பு, அம்பாறை ஆய்வாளர்கள் நிதி பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதுமாணி முடித்துவிட்டுக் கலாநிதிப் பட்டத்துக்கு யோசிக்கும் விரிவுரையாளர்கள், சட்டத்தரணிகள், பிரதேச செயலகத்திலும் தொண்டு நிறுவனங்களிலும் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. தலைப்பு ஒன்றுதான்: ஊர்ப்புறத்து மக்கள் தங்கள் பிணக்கைத் தீர்க்க எங்கே போகிறார்கள், எங்கே தடைப்படுகிறார்கள், அதை ஆராய யார் பணம் தருவார்கள்.

இது சட்ட ஆய்வா, சமூகவியல் ஆய்வா?

இரண்டும்தான். நீதிமன்றத்துக்கு வந்த வழக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் பிரச்சினையின் நுனிதான் தெரியும். வாகரையில் ஒருவருக்கு எல்லைத் தகராறு வந்தால் முதலில் கிராம சேவகரிடம் போவார். அப்புறம் பிரதேச செயலகம், பொலிஸ், மத்தியஸ்த சபை. இடையில் கோயில் தலைவரோ பள்ளிவாசல் நிர்வாகமோ பேசித் தீர்க்கப் பார்க்கும். வயலென்றால், நீர் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையின் சொல்லுக்கு இன்னும் மதிப்பு உண்டு. இத்தனை வாசலும் ஏறி இறங்கிய பிறகுதான் சிலர் சட்டத்தரணியைப் பார்க்கிறார்கள். பெரும்பாலானவர்கள் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பாதி வழியைத்தான் நீங்கள் ஆராயப் போகிறீர்கள்.

உலகளவிலும் இப்போது இப்படித்தான் பார்க்கிறார்கள். ஐக்கிய நாடுகளின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 16.3 என்பது எல்லோருக்கும் நீதி சம அளவில் கிடைப்பது பற்றியது. அதன் கீழ் 2020இல் 16.3.3 என்ற ஒரு புதிய குறிகாட்டி சேர்ந்தது. கடந்த 2 ஆண்டுகளில் பிணக்கு ஒன்றைச் சந்தித்தவர்களில் எத்தனை பேர் ஏதாவதொரு தீர்வு முறையை நாடினார்கள் என்று அது கேட்கிறது. அந்த முறை நீதிமன்றமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முன்மொழிவு எழுதும்போது இந்த எண்ணைக் குறிப்பிடுவது உதவும். நிதி தருபவர்களுக்கு இது பழகிய மொழி.

வெளிநாட்டு ஆய்வுகளை அப்படியே இங்கே பொருத்தலாமா?

கவனம் வேண்டும். அமெரிக்காவில் இந்தத் துறையில் எழுதப்படுவது பெரும்பாலும் சட்டத்தரணி இல்லாத ஊர்களைப் பற்றி. அமெரிக்க பார் அசோசியேஷன் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, சுமார் 1,300 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) 1,000 பேருக்கு ஒரு சட்டத்தரணி கூட இல்லை. சவுத் டகோட்டா மாநிலம் கிராமப்புறத்துக்குப் போகும் சட்டத்தரணிகளுக்கு ஊக்கப் பணம் கொடுக்கும் திட்டத்தை 2013இல் தொடங்கியது. அங்கே கேள்வி ஆள் பற்றாக்குறை.

இங்கே அப்படியில்லை. மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நீதிமன்றங்களும் இருக்கின்றன. அப்படியிருந்தும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து ஒருவர் வராததற்குக் காரணம் வேறு. கையில் காணி உறுதி இல்லை; அனுமதிப்பத்திரம் இறந்துபோன மாமனார் பெயரில். பொலிஸ் முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. எதிராளி உறவுக்காரன். ஆமிக்காரனோ சி.ஐ.டி.யோ வீட்டுக்கு வந்துவிடுவானோ என்ற பழைய பயம். இவற்றில் எது எந்த இடத்தில் ஆளை நிறுத்துகிறது என்று காட்டுவதுதான் உங்கள் ஆய்வின் புது விஷயம். வெளிநாட்டுக் கோட்பாட்டைத் தூக்கிவந்து இங்கே மாட்டினால் நிதிக்குழுவில் உள்ள ஒருவராவது அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

எங்கள் இரண்டு மாவட்டங்களில் ஆராயத்தக்க விஷயம் அப்படி என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வரும். எதை விடுவது என்பதுதான் இங்கே பிரச்சினை.

காணியிலிருந்து தொடங்குவோம். நாட்டு நிலத்தில் 80 வீதத்துக்கும் மேல் அரச காணி. குடியேற்றத் திட்டங்களிலும் மேட்டு நிலத்திலும் பலர் வைத்திருப்பது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோதான். பின்னுரித்தாளர், அதாவது அடுத்து உரிமை பெறுபவர், பெயர் குறிக்கப்படாவிட்டால் அந்தச் சட்டத்தின் வரிசை ஆண் பிள்ளைக்கே முதலிடம் கொடுத்தது. 2022 திருத்தத்தில்தான் அது நீங்கியது. இதில் கிழக்குக்கென்று ஒரு முரண் இருக்கிறது. இங்கே வீடு பெண் வழியில் போகும். மகளுக்குச் சீதனமாக வீடும் வளவும் எழுதிக் கொடுப்பது தமிழர், முஸ்லிம்கள் இருபகுதியினரிடமும் வழக்கம். மட்டக்களப்பின் பழைய முக்குவர் சட்டமும் தாய்வழியைச் சார்ந்ததே. யாழ்ப்பாணத்தின் தேசவழமை இங்கே செல்லாது, தமிழருக்குப் பொதுச் சட்டம்தான். ஆக, ஊர் வழக்கில் பெண் கையில் இருந்த சொத்து அரசாங்கக் கடதாசியில் ஆண் பெயருக்குப் போனது எப்படி, 2022க்குப் பிறகு பிரதேச செயலகக் காணிக் கிளையில் நடைமுறை மாறியதா என்று கேட்டால் அது ஒன்றே ஒரு முழு ஆய்வு.

அடுத்தது போர் விட்டுப்போனவை. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் மற்றவர் பிடித்துக்கொண்ட காணியை, பல ஆண்டு வைத்திருந்தவருக்கே உரிமை என்ற காலாவதி விதியால் உரிமையாளர் இழந்துவிடக் கூடாது என்பதற்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அது வழக்குத் தொடரக் குறிப்பிட்ட கால அவகாசமே கொடுத்தது. அந்த அவகாசம் ஊர்களுக்குத் தெரிந்ததா, எத்தனை பேர் பயன்படுத்தினார்கள்? காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் அதே 2016இல்தான் வந்தது. காணாமற்போனவர் என்று காட்டும் சான்றிதழும் அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத மனைவிக்கு இந்தச் சான்றிதழ் வங்கிக் கணக்குக்கும் காணி மாற்றத்துக்கும் உண்மையில் உதவுகிறதா என்று கச்சேரி, வங்கி என ஒவ்வொரு கவுண்டராகப் பின்தொடர்ந்து பார்க்கலாம்.

மேய்ச்சல் தரைப் பிரச்சினையும் உண்டு. மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரையை வெளியார் பயிர்ச்செய்கைக்குப் பிடிப்பதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டம் எல்லோருக்கும் தெரியும். வழக்கு, போராட்டம், அரசாங்க அதிபருடன் கூட்டம், ஊடகம் என்று ஒரே பிணக்கு எத்தனை வழிகளில் ஒரே நேரத்தில் ஓடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஆனால் சூடான விஷயம். அதை எப்படிக் கையாளுவது என்று கீழே சொல்கிறேன்.

அம்பாறைக் கரையோரத்தில் காதி நீதிமன்றம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதியாக ஆணையே நியமிக்கலாம் என்று வகுத்தது. காதி முன்னால் சட்டத்தரணி தோன்றவும் முடியாது. சட்டத்தரணிக்குக் காசு வேண்டாம் என்பது ஒரு பக்கம் வசதி. மறுபக்கம், தன் கதையைத் தானே சொல்லத் தெரியாத பெண்ணுக்கு என்ன நடக்கிறது? சாய்ந்தமருதிலோ சம்மாந்துறையிலோ உட்கார்ந்து கேட்காமல் இதற்குப் பதில் எழுத முடியாது.

இன்னும் இருக்கிறது: நுண்கடன் வாங்கிய பெண்கள், தாபரிப்பு வழக்கில் கட்டளை கிடைத்தும் பணம் கிடைக்காதவர்கள், வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் சமூகம், இழந்த காணியைத் திரும்பக் கேட்கும் பொத்துவில் கனகர் கிராம மக்கள். ஒன்றை எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆய்வில் அடைக்காதீர்கள்.

சரி, பணம் யார் தருவார்கள்?

முதலில் ஒரு விஷயம். நீங்கள் தேடுவது ஒரு பணம் இல்லை, இரண்டு. ஒன்று உங்கள் சாப்பாட்டுக்கும் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கும், மற்றது களப்பணிக்கு. இரண்டையும் ஒரே இடத்தில் எதிர்பார்ப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சம்பளத்துடன் கற்கை விடுமுறை கிடைக்கும் விரிவுரையாளருக்கு முதற்பணம் ஏற்கனவே உண்டு. அவர் களப்பணிப் பணத்தை மட்டும் தேடினால் போதும். வேலையில்லாத பட்டதாரிக்கு நிலைமை தலைகீழ்.

உள்நாட்டில் என்ன இருக்கிறது?

அரச பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளர் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு சார்ந்த வழிகளை முதலில் பாருங்கள். மனிதப் பண்பியல், சமூக விஞ்ஞானத் துறைகளுக்கென்றே உயர் கற்கைகளுக்கான தேசிய நிலையம் ஒன்று கொழும்பில் இருக்கிறது. என்காஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பல்கலைக்கழக ஆசிரியர்களின் கலாநிதிப் படிப்புக்கு மானியம் தருவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. இந்தத் தலைப்புக்கு உள்நாட்டில் மிகப் பொருத்தமான இடம் அதுதான் என்பது என் கருத்து. உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வு மானியத்தையும் மறக்க வேண்டாம். தொகை சிறியது, ஆனால் முன்னோடிக் களப்பணிக்கு அது போதும். முன்னோடித் தரவு கையில் இருந்தால் பெரிய விண்ணப்பத்தின் தரமே மாறிவிடும்.

விரிவுரையாளர் அல்லாதவருக்கு உள்நாட்டில் வழி குறுகலானது என்பதை மறைத்துப் பயனில்லை. பேராசிரியர் ஒருவர் பெற்ற ஆய்வு மானியத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து, அந்தத் திட்டத்துக்குள்ளேயே முதுதத்துவமாணிக்கோ கலாநிதிக்கோ பதிவது ஒரு வழி.

எங்கே பதிவது? வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பீடம் இல்லையே?

இல்லை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. சட்டத்துறையில் பதிய வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடம் இருக்கிறது. பேராதனை, யாழ்ப்பாணம், திறந்த பல்கலைக்கழகம் ஆகியவற்றில் சட்டத் துறைகள் இருக்கின்றன. ஆனால் இந்த ஆய்வைச் சமூகவியல், புவியியல், அரசறிவியல் துறைகளிலும் செய்யலாம். ஒலுவிலில் இஸ்லாமிய கற்கைகள் பீடம் இருப்பதால் காதி நீதிமன்றம் பற்றி எழுதுபவருக்கு அங்கே ஒரு துணை மேற்பார்வையாளர் கிடைக்க வாய்ப்புண்டு. சட்டத்துறையில் ஒருவர், களம் தெரிந்த ஒருவர் என்று இரண்டு மேற்பார்வையாளர்களை வைத்துக்கொண்டால் நல்லது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம். வெளிநாட்டுப் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்ள வைக்கும்போது அந்த மட்டத்தைப் பார்ப்பார்கள்.

வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களில் எது பொருந்தும்?

முதலில் பொருந்தாதவை. பிரித்தானிய அரசின் செவனிங் ஓராண்டு முதுமாணிக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுத் திட்டமும் முதுமாணிக்கு. இவற்றுக்குக் கலாநிதி முன்மொழிவுடன் விண்ணப்பித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

இங்கேயே பதிந்திருப்பவருக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசிலின் ஸ்பிளிட் சைட் பிரிவைப் பார்க்கச் சொல்வேன். உள்நாட்டுப் பல்கலைக்கழகப் பதிவை விடாமல், பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் 12 மாதம் வரை இருக்கலாம். களம் இங்கே, நூலகமும் இரண்டாவது மேற்பார்வையாளரும் அங்கே. குடும்பத்தை வருடக்கணக்கில் விட்டுப்போக முடியாதவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில் தூதரகம் வழியாக வருவது. கலாநிதி மாணவருக்குப் பல ஆண்டுகளாக மாதம் 145,000 யென் என்ற அளவில் கொடுத்துவந்தார்கள். கல்விக் கட்டணம் தனி. வயது 35க்குக் கீழ் இருக்க வேண்டும். ஜேர்மனியின் கல்விப் பரிமாற்ற நிறுவனமான டாட் (DAAD) கலாநிதி ஆய்வாளருக்கும் தருகிறது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் குடும்பப்படியும் உண்டு. ஆனால் கடைசிப் பட்டம் பெற்று 6 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது அவர்களின் வழக்கமான நிபந்தனை. இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக வரும், இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சிலின் (ஐ.சி.சி.ஆர்.) புலமைப்பரிசில்களில் கலாநிதிப் படிப்பும் அடங்கும். பெங்களூரின் தேசிய சட்டப் பள்ளி போன்ற இடங்களில் சட்டத்தைச் சமூகத்தோடு சேர்த்துப் பார்க்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கட்டணமும் செலவும் மேற்கை விடக் குறைவு. எங்கள் ஆட்கள் இந்தியாவை இரண்டாந்தரமாகப் பார்ப்பது ஏனென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பிரித்தானியாவில் ஆய்வுக் கவுன்சில்களின் மாணவர் நிதிக்கு 2021 முதல் வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம். இடங்களில் 30 வீதம் வரைதான் வெளிநாட்டவருக்கு. 2025–26க்கு ஆண்டுப்படி குறைந்தது 20,780 பவுண். போட்டி கடுமை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கலாநிதிப் படிப்பு பெரும்பாலும் கட்டணவிலக்கும் கற்பித்தல் உதவியாளர் சம்பளமும் சேர்த்தே வரும். வெளியே தனியாகப் புலமைப்பரிசில் தேடத் தேவையில்லை. ஆனால் 5, 6 ஆண்டு எடுக்கும்.

களப்பணிக்கு மட்டும் என்றால் வென்னர் கிரென் அறக்கட்டளையின் ஆய்வேட்டுக் களப்பணி மானியம். மானிடவியல் கண்ணோட்டத்தில் எழுதப்பட்ட முன்மொழிவுக்கு 25,000 அமெரிக்க டொலர் வரை தருவார்கள். எந்த நாட்டவரும், எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பதிந்தவரும் விண்ணப்பிக்கலாம். வந்தாறுமூலையில் பதிந்தவருக்கும் கதவு திறந்தே இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

திகதிகளும் தொகைகளும் வருடா வருடம் மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவித்தலைப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

நான் சட்டம் படிக்கவில்லை. பிரச்சினையா?

இல்லை. ஆனால் நீங்கள் எடுக்கும் ஒரு சட்டத்தையாவது பிரிவு பிரிவாக வாசித்திருக்க வேண்டும்.

நான் தொழில் செய்யும் சட்டத்தரணி. என் கட்சிக்காரரையே நேர்காணலாமா?

வேண்டாம். உங்களை நம்பிச் சொன்னதை ஆய்வுக்கு எடுத்தால் தொழில் ஒழுக்கமும் ஆய்வு ஒழுக்கமும் ஒன்றோடொன்று மோதும். அவர் ‘சரி சேர்’ என்று சொல்வது சம்மதம் ஆகாது. தன் வழக்கு உங்கள் கையில் இருக்கும்போது அவரால் வேறென்ன சொல்ல முடியும்? வேறு நீதிமன்ற எல்லையில் களத்தை வைத்துக்கொள்ளுங்கள். களுவாஞ்சிக்குடியில் தொழில் செய்தால் வாழைச்சேனைப் பக்கம் போங்கள்.

முன்மொழிவை எப்படித் தொடங்குவது?

‘கிழக்கு மாகாணக் கிராமப்புற மக்களுக்கான நீதி அணுகல்: ஓர் ஆய்வு’ என்ற தலைப்பில் வருகிற முன்மொழிவுகள் ஏராளம். வாசிப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. ஒரு பிணக்கையும் ஒரு வாசலையும் ஓர் இடத்தையும் சேர்த்துக் கேளுங்கள். உதாரணமாக: போரதீவுப்பற்றில் காணிப் பிணக்குடன் மத்தியஸ்த சபைக்குப் போய் இணக்கம் காணாத குடும்பங்கள், இணக்கமின்மைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பிறகு என்ன செய்கின்றன?

இந்தக் கேள்வி ஏன் நல்லது என்று பாருங்கள். மத்தியஸ்த சபை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. தொண்டர்களாக வரும் மத்தியஸ்தர்கள், செலவில்லை, பேசுவது தமிழில். காணிக்கென்று விசேட சபைகள் அமைக்கவும் 2003ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. ஏட்டில் பார்த்தால் கிராமத்துக்கு இதைவிட வசதியான வாசல் கிடையாது. குறிப்பிட்ட பெறுமதிக்கு உட்பட்ட பிணக்கென்றால் இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல் வழக்கும் போட முடியாது. எனவே அந்தச் சான்றிதழ் நீதிமன்றத்துக்கான நுழைவுச்சீட்டு. அதைப் பெற்றும் நீதிமன்றத்துக்குப் போகாதவர் என்ன ஆனார் என்று தேடினால் பணம், பயம், உறவு, மொழி எல்லாம் தானாகவே வெளியே வரும். முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே இது இருக்க வேண்டும். போரின் வரலாற்றை நான்கு பக்கம் எழுதிவிட்டுக் கேள்விக்கு வருவது எங்கள் பக்கத்துப் பழக்கம், அதை விட்டுவிடுங்கள்.

செலவு மதிப்பீட்டில் எதைத் தவறவிடுகிறார்கள்?

மடிக்கணினியையும் மாநாட்டுப் பயணத்தையும் யாரும் தவறவிடுவதில்லை! தவறுவது இவை.

போக்குவரத்து. மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்குப் போவது இலகுவாகிவிட்டது. ஆனால் அங்கிருந்து உள்ளே இருக்கும் ஊர்களுக்குப் பஸ்ஸை நம்பினால் ஒரு நாளில் ஒருவரைத்தான் சந்திக்கலாம். முச்சக்கரவண்டி நாள் வாடகை அல்லது மோட்டார் சைக்கிள் எரிபொருள் என்று தெளிவாகப் போடுங்கள்.

எழுத்தாக்கம். ஒரு மணி நேரத் தமிழ் ஒலிப்பதிவை வார்த்தைக்கு வார்த்தை எழுத 5, 6 மணி நேரமாவது பிடிக்கும். மட்டக்களப்புப் பேச்சு வழக்கு தெரிந்தவர்தான் அதைச் செய்ய வேண்டும். பொலிஸ் முறைப்பாடு, அரச கடிதங்கள் என்று சிங்கள ஆவணங்களை மொழிபெயர்க்கவும் பணம் ஒதுக்குங்கள். அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்றாலும், அதற்கு முந்திய கட்டத்துக் கடதாசி பல இடங்களில் சிங்களத்தில்தான் இருக்கும்.

பேசியவரின் நேரம். கூலி வேலைக்குப் போகும் ஒருவரை இரண்டு மணி நேரம் இருத்தினால் அவருக்கு இழப்பு. பணம் கொடுத்தால் தரவு கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நேர இழப்புக்கும் பஸ் காசுக்கும் நியாயமான ஒரு தொகையை எல்லோருக்கும் ஒரே அளவில், முன்கூட்டியே ஒழுக்கநெறிக் குழுவிடம் சொல்லி அனுமதி வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை.

கடைசியாக நாட்காட்டி. பெரும்போக விதைப்புக் காலத்திலும் அறுவடையிலும் படுவான்கரையில் யாரும் உங்களோடு உட்கார மாட்டார்கள். மார்கழி, தையில் வெள்ளம் வந்தால் பாதைகளே இருக்காது. ‘டிசம்பர் முதல் மார்ச் வரை களப்பணி’ என்று எழுதிய முன்மொழிவைக் கண்டால் அதை எழுதியவர் வயல் பக்கம் போனதில்லை என்று ஊரைத் தெரிந்த எவரும் சொல்லிவிடுவார்கள்.

தரவு எங்கே கிடைக்கும்?

அச்சில் வரும் தீர்ப்புகள் மேன்முறையீட்டு நீதிமன்றங்களுடையவை. கிராமத்து வழக்கு அங்கே அரிதாகத்தான் போகும். நீதிவான் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் ஆகியவற்றின் வழக்கேட்டைப் பார்க்கப் பதிவாளர் வழியாக அனுமதி கேட்க வேண்டும். பல்கலைக்கழகக் கடிதத்துடன் போங்கள், பொறுமையும் வேண்டும். அதுவரை திறந்த நீதிமன்றத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதற்குப் பொதுவாக யாரும் தடை சொல்ல மாட்டார்கள். தாபரிப்பு வழக்குகள் எடுக்கும் நாளில் காலையிலிருந்து இருந்து பாருங்கள். அரைவாசி முன்மொழிவு அங்கேயே எழுதப்பட்டுவிடும்.

நிர்வாகத் தரவுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று பதில் தர வேண்டும். பிரதேச செயலகத்தில் எத்தனை பின்னுரித்து மாற்றம், அதில் பெண்கள் பெயரில் எத்தனை என்று ஆண்டு குறித்துக் கேளுங்கள். ‘காணி சம்பந்தப்பட்ட எல்லாத் தகவலும்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. பதில் வராவிட்டால் மேன்முறையீடு உண்டு, அதன் பிறகு ஆணைக்குழு உண்டு. அந்த மேன்முறையீட்டு அனுபவமே உங்கள் ஆய்வுக்கு ஒரு தரவு.

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு, கல்முனைப் பிராந்திய அலுவலகங்கள், சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போல நீண்டகாலம் ஊரோடு இருக்கும் அமைப்புகள் ஆகியவற்றிலும் போய்ப் பேசுங்கள். ஆட்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்காதீர்கள். தாங்கள் என்ன பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

மக்கள் பேசப் பயப்படுவார்களே?

பயப்படுவார்கள்; காரணத்தோடுதான். தகவல் கொடுத்தவர் அடுத்த நாள் விசாரிக்கப்பட்ட ஊர்கள் இவை. எனவே கையொப்பமிட்ட சம்மதப் பத்திரமே இங்கே ஆபத்தாகலாம். வாய்மொழிச் சம்மதத்துக்கு அனுமதி தரும்படி ஒழுக்கநெறிக் குழுவிடம் காரணம் காட்டிக் கேளுங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சின்ன ஊரில் ‘மூன்று பிள்ளைகளின் தாய், கணவர் 1990இல் காணாமற்போனவர், கோயிலுக்குப் பக்கத்து வீடு’ என்று எழுதினால் ஆளை எல்லோருக்கும் தெரியும். விவரங்களைக் கலந்து எழுதுங்கள், ஊர்ப் பெயரைப் பிரதேச அளவோடு நிறுத்துங்கள். ஒலிப்பதிவைத் தொலைபேசியில் வைத்துத் திரிய வேண்டாம்.

மேய்ச்சல் தரை, படையினர் வசமிருக்கும் காணி போன்றவற்றை எடுப்பவர்கள் நடந்துகொண்டிருக்கும் வழக்கின் நுணுக்கங்களுக்குள் போகாமல், மக்கள் எந்தெந்த வாசலுக்குப் போனார்கள் என்ற நடைமுறைக் கேள்வியிலேயே நிற்பது பாதுகாப்பு. ஆய்வு உதவியாளரின் பாதுகாப்பையும் முன்மொழிவில் ஒரு பந்தியாக எழுதுங்கள். நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்கள், அவர் அந்த ஊரில்தான் இருக்கப் போகிறார்.

தொண்டு நிறுவனத் திட்டப் பணத்தில் கலாநிதி செய்யலாமா?

செய்திருக்கிறார்கள். ஆனால் தரவு யாருக்குச் சொந்தம், நிறுவனத்துக்குப் பிடிக்காத முடிவு வந்தால் வெளியிடலாமா, திட்டம் இடையில் நின்றால் என்ன என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் தொடங்காதீர்கள். திட்டம் 18 மாதத்தில் முடிந்துவிடும், கலாநிதி முடியாது.

தமிழில் ஆய்வேடு எழுதலாமா?

துறையையும் பல்கலைக்கழகத்தையும் பொறுத்தது. பதியும் முன்னரே கேளுங்கள். சட்டத்துறைகளில் ஆங்கிலம்தான் நடைமுறை. வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பம் எப்படியும் ஆங்கிலத்தில். நேர்காணல் மேற்கோள்களைத் தமிழிலும் பின்னிணைப்பில் தருவது நல்ல பழக்கம்.

மேற்பார்வையாளருக்கு எழுதினால் பதிலே வருவதில்லை?

நீளமாக எழுதுகிறீர்கள், அதுதான் காரணம். ஒரு பக்கம் போதும்: கேள்வி, களம், உங்களுக்கு அந்தக் களத்தோடு உள்ள தொடர்பு, அவருடைய எந்தக் கட்டுரையோடு இது சேர்கிறது. ‘மதிப்புக்குரிய ஐயா, உங்கள் ஆசியுடன்’ எல்லாம் வேண்டாம். இரண்டு கிழமையில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் இல்லையென்றால் அடுத்தவர்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்?

மதிப்பீட்டாளரின் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். வென்னர் கிரென் போன்ற சில இடங்களில் திருத்தி மீண்டும் விண்ணப்பிக்கலாம். ‘கேள்வி தெளிவில்லை’ என்றால் முன்மொழிவைத் திருத்துங்கள். ‘எங்கள் முன்னுரிமை இதுவல்ல’ என்றால் முன்மொழிவைத் தொடாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். அடுத்த சுற்று வரும் வரை பல்கலைக்கழகத்தின் சிறிய மானியத்தில் ஒரு பிரதேச செயலகப் பிரிவில் முன்னோடி நேர்காணல்களைத் தொடங்கிவிடலாம்.